ஆறு விழவே விழாதா?

பகடை உருட்டி, பலகைக் குழிகளில் கோலியை நகர்த்தும் இந்த விளையாட்டின் பெட்டியில் '4 வயதுக்கு மேல்' என்று போட்டவர்கள், எந்த வயதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் போட்டிருக்கலாம். கோலியை வெளியே எடுக்கவே ஆறு விழ வேண்டுமாம். விழுகிறதா? நாலு, ரெண்டு, மறுபடி நாலு. பத்து முறை உருட்டியும் ஆறு விழாமல் போக நூற்றுக்கு 16 வாய்ப்பு உண்டு. அந்தப் பதினாறும் என் தலையில்தான் விடிகிறது. எதிரே இருக்கும் வாண்டுக்கோ எங்கேயோ பார்த்துக்கொண்டு உருட்டினாலும் ஆறு, அதற்குப் பரிசாக இன்னொரு ஆட்டம்!

இதில் யோசிக்க ஏதாவது இருக்கிறதா? பகடை சொல்லும், நாம் நகர்த்துவோம். சம்பளமில்லாத குமாஸ்தா வேலை. சரி, முக்கி முனகி வீட்டு வாசலுக்கு வந்தால், உள்ளே போகச் சரியாக ஒன்று விழணும். அப்போது பார்த்து வரிசையாக ஆறு! அதற்குள் வாண்டு பின்னாலிருந்து வந்து என் கோலியை வெட்டிவிட்டு, "அச்சச்சோ" என்று போலி அனுதாபம் வேறு. வெட்டுப்பட்ட கோலி குழியில் உட்காராமல் சோபாவுக்கு அடியில் உருண்டு ஓடும். நான் குப்புறப் படுத்துத் துழாவும்போது மேலே யார் கோலி எத்தனை குழி தாண்டியது என்று யார் கண்டது?

ஒருவழியாக வாண்டு ஜெயித்தாயிற்று, விட்டது தொல்லை என்று எழுந்தால், "ரெண்டாவது யாருன்னு பார்க்க வேண்டாமா?"