கட்சியை எதிர்த்து வாக்களித்தவருக்கு அடுத்த தேர்தலில் என்ன நடக்கிறது?

நான் வசிக்கும் பென்சில்வேனியா மாநிலத்தின் பக்ஸ் கவுண்ட்டியில், எங்கள் தெருவில், அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் இரண்டு கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். தேர்தல் நெருங்கினால் இருவர் வீட்டுப் புல்தரையிலும் வேட்பாளர் பெயர் எழுதிய அட்டைகள் முளைத்துவிடும். இருவரும் எனக்கு நண்பர்கள். இருவரும் தனித்தனியே என்னிடம் சொல்வது ஒரே குற்றச்சாட்டு. எங்கள் கட்சியில் பலவிதக் கருத்துகளுக்கும் இடமுண்டு, அவர்கள் கட்சியில்தான் மேலே ஒருவர் சொன்னதை எல்லோரும் திருப்பிச் சொல்லியாக வேண்டும் என்கிறார்கள்.

ஜனநாயகக் கட்சிக்காரர் 2025 நவம்பர் 4ஆம் தேதியைச் சான்று காட்டுகிறார். தம்மை ஜனநாயக சோஷலிஸ்ட் என்று அழைத்துக்கொள்ளும் ஜோரான் மம்தானி நியூயார்க் மேயர் தேர்தலில் வென்ற அதே நாளில், சி.ஐ.ஏ.வில் பணியாற்றியவரும் மிதவாதியுமான அபிகெய்ல் ஸ்பான்பெர்கர் அதே கட்சியின் பெயரில் வர்ஜீனியா ஆளுநர் தேர்தலில் வென்றார். குடியரசுக் கட்சிக்காரர் எங்கள் தொகுதி உறுப்பினர் பிரையன் ஃபிட்ஸ்பாட்ரிக்கைக் காட்டுகிறார். 2025 ஜூலை 3 அன்று அதிபர் டிரம்பின் வரி மற்றும் செலவு மசோதா பிரதிநிதிகள் சபையில் 218–214 என்ற கணக்கில் நிறைவேறியபோது, அந்தக் கட்சியிலிருந்து எதிர்த்து வாக்களித்த இருவரில் அவர் ஒருவர். மற்றவர் கென்டக்கியின் தாமஸ் மாஸி. இரண்டு சான்றுகளும் உண்மையே. ஆனாலும் கட்சிக்குள் எத்தனை விதமானவர்கள் இருக்கிறார்கள் என்று தலை எண்ணுவதால் எதுவும் தெளிவாகாது என்று நினைக்கிறேன். கட்சியின் நிலைப்பாட்டுக்கு எதிராக வாக்களித்த ஒருவர் அதன்பிறகு அரசியலில் பிழைத்திருக்கிறாரா என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

இந்தியாவில் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி பதவியே பறிபோகலாம். அமெரிக்காவில் கொறடாக்கள் உண்டு, அப்படியொரு சட்டம் இல்லை. அடுத்த முறை சீட்டு கிடையாது என்று கட்சித் தலைமை அறிவித்துவிடவும் முடியாது, ஏனென்றால் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள் பிரைமரி என்னும் உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்கும் சாதாரண வாக்காளர்கள். சட்டம் தராத தண்டனையை இந்தப் பிரைமரி தந்துவிடுகிறது.

எங்கள் மாநிலத்தின் ஆர்லன் ஸ்பெக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1981 முதல் செனட்டராக இருந்த அவர் குடியரசுக் கட்சியின் மிதவாதி. 2009 பிப்ரவரியில் ஒபாமாவின் பொருளாதார மீட்புத் திட்டத்தை ஆதரித்த மூன்றே மூன்று குடியரசுக் கட்சி செனட்டர்களில் அவரும் ஒருவர். அந்த ஒரு வாக்குக்குப் பிறகு சொந்தக் கட்சியின் பிரைமரியில் தாம் வெல்ல முடியாது என்று கருத்துக்கணிப்புகள் சொன்னதும், ஏப்ரல் மாதம் ஜனநாயகக் கட்சிக்கு மாறினார். தம் 29 ஆண்டுப் பணியைப் பென்சில்வேனியாவின் குடியரசுக் கட்சி பிரைமரி வாக்காளர்கள் மட்டும் தீர்மானிப்பதை ஏற்க முடியாது என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். புதிய கட்சியில் அதிபரே அவரை ஆதரித்தார். 2010 மே மாதம் அந்தக் கட்சியின் பிரைமரியில் ஜோ செஸ்டாக்கிடம் தோற்றார். முப்பது ஆண்டுகள் ஒரு மாநிலம் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்த மனிதருக்கு, ஓராண்டு இடைவெளியில், இரண்டு கட்சிகளிலுமே இடமில்லாமல் போயிற்று. என் இரண்டு நண்பர்களும் இந்தக் கதையில் அடுத்தவர் கட்சி செய்த பாதியை மட்டுமே நினைவு வைத்திருக்கிறார்கள்.

கேசி குடும்பத்தின் கதையும் இங்கே நடந்ததுதான். ஆளுநராக இருந்த பாப் கேசி ஜனநாயகக் கட்சிக்காரர், கருக்கலைப்பை உறுதியாக எதிர்த்தவர். 1992இல் நியூயார்க்கில் நடந்த கட்சி மாநாட்டில் அவருக்குப் பேச வாய்ப்புத் தரப்படவில்லை. அதிபர் வேட்பாளர் கிளிண்டனை அவர் ஆதரிக்காததே காரணம் என்றது கட்சி. கருக்கலைப்பு பற்றிய தம் நிலைப்பாடே காரணம் என்றார் அவர். அவருடைய அதே பெயர் கொண்ட மகன், தாமும் கருக்கலைப்பு எதிர்ப்பாளர் என்று சொல்லித்தான் 2006இல் செனட்டுக்குச் சென்றார். 2022இல் கருக்கலைப்பு உரிமையைத் தேசியச் சட்டமாக்கும் மசோதா செனட்டில் விவாதத்துக்கு வரவேண்டும் என்று வாக்களித்தார். அவர் மனம் மாறியது உண்மையாகவே இருக்கலாம், அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் தந்தை நின்ற இடத்தில் மகன் நின்றிருந்தால் அந்தக் கட்சியில் அவருக்கு வழி இருந்திருக்குமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. இல்லினாயின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் டேன் லிபின்ஸ்கி அந்தக் கருக்கலைப்பு எதிர்ப்பு நிலைப்பாட்டில் நின்று 2020 பிரைமரியில் தோற்றார்.

குடியரசுக் கட்சியில் இன்று தண்டனை இன்னும் கடுமையாகவும் வேகமாகவும் வருகிறது என்பதே என் கணிப்பு. 2021 ஜனவரியில் டிரம்ப் மீதான பதவி நீக்கக் குற்றச்சாட்டை அக்கட்சியின் பத்து உறுப்பினர்கள் ஆதரித்தார்கள். நால்வர் மறுபடி போட்டியிடவில்லை. நால்வர் பிரைமரியில் தோற்றார்கள். இருவரே திரும்பி வந்தார்கள். வயோமிங்கின் லிஸ் சேனிக்கு 2022 பிரைமரியில் கிடைத்தது சுமார் 29 விழுக்காடு. அவர் துணை அதிபராக இருந்தவரின் மகள், அதற்கு முந்தைய ஆண்டுவரை சபையில் கட்சியின் மூன்றாவது இடத்தில் இருந்தவர். பிழைத்த இருவரும், கலிஃபோர்னியாவின் டேவிட் வலடாவோவும் வாஷிங்டன் மாநிலத்தின் டேன் நியூஹவுஸும், எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில் நின்று முதலிரண்டு இடம் பெற்றவர்கள் இறுதிச் சுற்றுக்குப் போகும் மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். அதே வாஷிங்டனில், அதே முறையில், ஜேமி ஹெரேரா பியூட்லர் தோற்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முறையை மாற்றினால் எல்லோரும் காப்பாற்றப்படுவார்கள் என்று நான் சொல்லவில்லை. தப்பிக்க ஒரு வழியாவது அங்கே இருந்தது என்கிறேன்.

பழைய நாட்களில் இரண்டு கட்சிகளிலும் எல்லா வகையினரும் இருந்தார்கள் என்று ஏங்குபவர்களோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. 1964 ஜூன் 10 அன்று, கறுப்பின மக்களுக்கு எதிரான பாகுபாட்டைத் தடை செய்யும் குடிமை உரிமைகள் சட்ட மசோதா மீதான முடிவற்ற விவாதத்தை நிறுத்த செனட் வாக்களித்தது. 71 பேர் ஆதரவு, 29 பேர் எதிர்ப்பு. ஆதரித்தவர்களில் 44 பேர் ஜனநாயகக் கட்சியினர், 27 பேர் குடியரசுக் கட்சியினர். எதிர்த்தவர்களிலும் இரண்டு கட்சியினரும் இருந்தார்கள். மூளையில் கட்டி வந்து பேச்சிழந்திருந்த கலிஃபோர்னியா செனட்டர் கிளேர் எங்கிளைச் சக்கர நாற்காலியில் அவைக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் அழைக்கப்பட்டபோது அவரால் குரல் எழுப்ப முடியவில்லை. கையை மெல்ல உயர்த்தித் தம் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணைக் குறிக்கும் சொல்லும் ஆதரவைத் தெரிவிக்கும் சொல்லும் ஒரே ஒலி கொண்டவை. அடுத்த மாத இறுதியில் அவர் இறந்துபோனார். அந்தக் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஆனால் அன்று எதிர்த்து வாக்களித்த தெற்கு மாநில ஜனநாயகக் கட்சியினர், கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்கே வரவிடாமல் செய்து பெற்ற பதவிகளில் அமர்ந்திருந்தார்கள். அந்தக் காலத்துப் பன்மையின் ஒரு பெரும்பகுதி அந்த அநீதியின் மேல் கட்டப்பட்டது. அது போனதற்கு நான் வருந்தவில்லை.

நான் வருந்துவது ஃபிட்ஸ்பாட்ரிக் போன்றவர்கள் இவ்வளவு குறைந்துபோனதற்காக. 2024இல் கமலா ஹாரிஸ் முந்திய தொகுதி எங்களுடையது. இங்கே கட்சியை மீறி நிற்பது அவருக்கு ஓரளவு வலிமையும்கூட. ஒரே கட்சியின் கோட்டையாக இருக்கும் தொகுதிகளில் உண்மையான தேர்தல் பிரைமரியோடு முடிந்துவிடுகிறது. பென்சில்வேனியாவில் அந்தப் பிரைமரியில் ஒரு கட்சியின் பெயரில் பதிவு செய்தவர்கள் மட்டுமே அக்கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கலாம். நான் எந்தக் கட்சியிலும் பதிவு செய்யவில்லை. 2024 ஏப்ரல் 23 காலையில், விவரம் சரியாகத் தெரியாமல், தீயணைப்பு நிலையத்தில் இருந்த எங்கள் வாக்குச்சாவடிக்குப் போனேன். மேசையில் இருந்த பெரியவர் பட்டியலில் என் பெயருக்கு நேரே விரலை வைத்து, கட்சி என்ற இடத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நவம்பரில்தான் அம்மா" என்று கனிவாகச் சொல்லி அனுப்பினார். இந்த மாநிலத்தில் என்னைப் போல் இரண்டு பெரிய கட்சிகளிலும் சேராமல் பதிவு செய்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல்.

கதவைத் திறந்துவிட்டால் எதிர்க்கட்சிக்காரர்கள் உள்ளே வந்து பலவீனமான வேட்பாளரைத் தேர்ந்தெடுத்துக் கெடுத்துவிடுவார்கள் என்று என் இரண்டு நண்பர்களும் அஞ்சுகிறார்கள். எதிர்க்கட்சியில் பதிவு செய்தவர்களை உள்ளே விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எங்கும் சேராதவர்களை ஒரு கட்சியின் பிரைமரியில் மட்டும் வாக்களிக்க விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்; ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் நியூஜெர்சியில் அப்படித்தான் நடக்கிறது. இதைச் சொன்னபோது, அடுத்தவர் கட்சி முதலில் சம்மதிக்கட்டும் என்றார் ஒருவர். மறுநாள் மற்றவரிடம் கேட்டேன். அவரும் அதையே சொன்னார்.