புலிக்கு எதற்குப் பெயர்?

ரணதம்போர் புலிகள் காப்பகத்தில், ஜிப்சி எனப்படும் திறந்த ஜீப் வாயிலைத் தாண்டும் முன்பே வழிகாட்டி புலிகளின் குடும்ப அட்டையை வாசிக்கத் தொடங்கிவிடுகிறார். இன்னாருக்கு இன்னார் மகள், பெற்ற தாயை ஏரிக்கரையிலிருந்து விரட்டியவள் இன்னார், இந்தப் பக்கம் இப்போது யாருடைய ஆட்சி... கேட்கச் சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பெயர் சூட்டும் பழக்கம் புலிக்கும் நல்லதில்லை, மனிதருக்கும் நல்லதில்லை என்பது என் கருத்து. சண்டைக்கு வருகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டு வாருங்கள்.

ரணதம்போர் ராஜஸ்தானில், சவாய் மாதோபூர் ரயில் நிலையத்துக்குப் பக்கம். ஜெய்ப்பூர் மன்னர்களின் வேட்டைக்காடாக இருந்தது. 1973இல் புலிகள் திட்டம் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த முதல் ஒன்பது காப்பகங்களில் ஒன்று. 1980இல் தேசியப் பூங்கா ஆனது. காட்டுக்கு நடுவே மலைமேல் கோட்டை, கோட்டைக்குள் முக்கண் விநாயகர் கோவில், கீழே ஏரிகள். கல்யாணம் நிச்சயமானால் முதல் பத்திரிகையை அந்தப் பிள்ளையாருக்குத் தபாலில் அனுப்புகிறவர்கள் வடக்கே ஏராளம். ஆக, பக்தர்கள் போகும் பாதையும் புலி நடக்கும் பாதையும் அங்கே ஒன்றுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜ்பாக் ஏரியில் ஒரு கடமான் வயிறு வரை தண்ணீரில் நின்று நீர்ப்பாசியை மென்றுகொண்டிருந்தது. வாயின் இருபுறமும் பச்சைக் கொடிகள் தொங்கின, முதுகில் ஒரு கொக்கு. நாலைந்து மீட்டர் தள்ளி முதலையின் கண்கள் மட்டும் தெரிந்தன. முதலை நகர்ந்தால் மானும் ஓர் அடி நகர்ந்தது, மெல்வதை மட்டும் நிறுத்தவில்லை. நான் இன்னும் ஒரு மணி நேரம் அதைப் பார்த்திருப்பேன். ஆனால் வண்டியில் ஒருவர், "இங்கே வெறும் மான்தானே, கிளம்பலாம்" என்றார். கிளம்பினோம்.

அப்புறம் புலியையும் பார்த்தோம். புதருக்குள் புள்ளிமான்கள் வால் தூக்கிக் கத்தியதும் எல்லா வண்டிகளும் ஒரே திசையில் பறந்தன. இருபது பேர் அமரும் கேன்டர் என்ற திறந்த பெரிய வண்டிகள் முன்னால் போய் மறித்தன. பெண்புலி. நடக்கும்போது தோள்பட்டை எலும்பு மாறி மாறி ஏறி இறங்குவது தெரிந்தது, காதின் பின்புறத்து வெள்ளைப் புள்ளிகூடத் தெரிந்தது. அப்போது கேன்டரிலிருந்து ஒரு மனிதர் அதன் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார்! பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தெருவில் பார்த்து நலம் விசாரிக்கும் குரல். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதில் ஓர் அற்பத் திருப்தி.

இந்த மோகத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனது மச்லி என்ற பெண்புலி. வனத்துறை கொடுத்த எண் டி-16. கன்னத்தில் மீன் வடிவக் கோடு. முதலையோடு மோதிக் கொன்ற படங்கள் உலகம் முழுவதும் சுற்றின, தபால் தலைகூட வந்தது. கோரைப் பற்கள் போய், ஒரு கண்ணும் போன பிறகும் அது வாழ்ந்தது. வனத்துறை இரை கொடுத்தது. காட்டில் பெரும்பாலான புலிகள் பதினைந்து வயதைத் தாண்டுவதில்லை. மச்லி 2016 ஆகஸ்டில் இறந்தபோது அதன் வயது ஏறத்தாழ இருபது. பூமாலை சார்த்தி எரியூட்டினார்கள். அப்போது நானும் கண் கலங்கினேன், மறைக்கவில்லை. ஆனால் பல் போன புலி விட்டுப்போகும் இடத்தை அடுத்த புலி பிடிப்பதுதான் காட்டின் கணக்கு. அதற்குள் நாம் நுழைந்து, இவளுக்கு மட்டும் சோறு என்றால், அது வனப் பாதுகாப்பு இல்லை, ரசிகர் மன்றம்.

அடுத்து உஸ்தாத், டி-24. 2015 மே மாதம் ஒரு வனக்காவலரைக் கொன்றது. அதற்கு முன் நடந்த மரணங்களுக்கும் அதுவே காரணம் என்று வனத்துறை சொல்லி, உதய்பூர் அருகே சஜ்ஜன்கடில் ஓர் அடைப்புக்குக் கொண்டுபோனது. நாட்டின் பல ஊர்களில் மெழுகுவத்தி ஊர்வலம், நீதிமன்றத்தில் வழக்கு. உஸ்தாதுக்கு நீதி வேண்டும் என்று பதாகைகள். இறந்தவர் அந்தக் காட்டைக் காக்கச் சம்பளத்துக்கு நடந்தவர். நான் பார்த்த எந்தப் பதாகையிலும் அவர் பெயர் இல்லை. புலிக்குப் பெயர் உண்டு, காவலருக்குப் பதவி மட்டும்தான்.

2025இல் நடந்தது இதைவிட மோசம். மச்லியின் பேத்தி ஏரோஹெட், டி-84, நோயால் வேட்டையாட முடியாமல் தளர்ந்திருந்தது. அதற்கும் அதன் குட்டிகளுக்கும் உயிருள்ள இரையைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வளரும் வயதில் குட்டிகள் கற்றது என்ன? மனிதன் வந்தால் பின்னால் சாப்பாடு வரும். அந்த ஏப்ரலில் கோவிலிலிருந்து திரும்பிய ஏழு வயதுச் சிறுவனை ஒரு புலி தூக்கிப்போனது. மே மாதம் ஒரு வனச்சரகர், ஜூனில் கோட்டைக்குள் இருந்த ஒரு காவலாளி. சந்தேகம் விழுந்த ஏரோஹெட்டின் மகள் கன்கட்டியை, ராஜஸ்தானிலேயே உள்ள முகுந்த்ரா காப்பகத்துக்கு மாற்றினார்கள். ஏரோஹெட்டும் அதே ஜூனில் இறந்தது. பெயரில்லாத ஒரு கிழட்டுப் புலி ஏரியிலிருந்து தொலைவில் எங்கோ நோயில் படுத்திருந்தால் அத்தனை நாள் இரை போயிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

எதிர்வாதம் தெரியும், அதில் உண்மையும் இருக்கிறது. பெயர் இருந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் பணம் வரும், கண்கள் பல இருந்தால் கள்ள வேட்டைக்காரன் தயங்குவான். அதே ராஜஸ்தானில் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்பது 2005இல்தான் வெளியே தெரிந்தது. 2008இல் ரணதம்போரிலிருந்து புலிகளை ஹெலிகாப்டரில் கொண்டுபோய்க் குடியேற்ற வேண்டியிருந்தது. கண்காணிப்பு வேண்டும், மறுக்கவில்லை. அதற்குத்தான் எண் இருக்கிறது, தானியங்கிக் கேமரா இருக்கிறது, ஒவ்வொரு புலியின் உடம்பிலும் வேறுவேறு வரிகள் இருக்கின்றன. எண்ணுக்கு யாரும் மாலை போடுவதில்லை என்பது அதன் குறை இல்லை, சிறப்பு.

வடக்கைச் சொல்கிறேனே, நம் மசினகுடி மட்டும் யோக்கியமா? காட்டு யானைக்கு ரிவால்டோ என்று பெயர் வைத்து, பழம் கொடுத்துப் பழக்கி, ஊரைவிட்டு நகராமல் ஆக்கி, 2021இல் பிடித்துக் கூண்டில் அடைத்து, பிறகு மனம் மாறிக் காட்டில் விட்டோம்.

போகிறவர்களுக்கு: எண்ணிட்டுப் பிரித்த சுற்றுலாப் பகுதிகளில் ஒன்று முதல் ஐந்து வரை உள்ளவை ஜூலை முதல் செப்டம்பர் வரை மூடியிருக்கும். ஏப்ரல், மே வெயிலில் நீர்நிலை ஓரம் புலி தென்படும் வாய்ப்பு அதிகம். ஜிப்சிக்கு இடம் கிடைப்பது கடினம், முன்பே பதிவு செய்யுங்கள். வண்டியில் ஏறியதும் வழிகாட்டியிடமும் ஓட்டுநரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: புலி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அன்பளிப்பு ஒரே தொகைதான், விரட்ட வேண்டாம் என்று. எங்கள் ஓட்டுநரிடம் மறுநாள் இதைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு ஏரிக்கரையில் என்ஜினை அணைத்துவிட்டு, தானே பைனாகுலரை வாங்கி ஆந்தைப் பொந்து ஒன்றைக் காட்டினார்.