ரெமோ: முதலில் வேடமா, முதலில் காதலா?

‘ரெமோ’ படம் சரியாக வராமல் போனதற்கு சிவகார்த்திகேயன் மேல் பழி போடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. படத்தில் அவர் போடும் பெண் நர்ஸ் வேடத்தில் அவருடைய உழைப்பு ஒவ்வொரு ஃப்ரேமிலும் தெரிகிறது. நடை, கை அசைவு, குரலை ஏற்றி இறக்கும் விதம் எல்லாம் கவனமாகச் செய்யப்பட்டவை. ஒளிப்பதிவு பி.சி.ஸ்ரீராம், இசை அனிருத், ஒலி வடிவமைப்பு ரசூல் பூக்குட்டி. 2016-ல் ஒரு காதல் நகைச்சுவைப் படத்துக்கு இதைவிடப் பெரிய தொழில்நுட்பக் குழு கிடைப்பது கஷ்டம். இவ்வளவும் இருந்தும் அவர் நடித்த நாயகன் எஸ்.கே.வைப் பிடிக்காமல் போகிறது என்றால், தவறு திரைக்கதையின் அடித்தளத்தில் இருக்கிறது.

ஓர் ஆண் பெண்ணாக வேடம் போடும் கதைகளில் எழுத்தாளர் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: வேடம் முதலில் வருகிறதா, காதல் முதலில் வருகிறதா?

1982-ல் வந்த ‘டூட்ஸி’ என்ற ஹாலிவுட் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டஸ்டின் ஹாஃப்மன் நடித்த மைக்கேல் டோர்சியும் லேசில் பிடித்துப்போகிற ஆள் கிடையாது. சண்டைக்காரன், யாரோடும் ஒத்துப்போகாதவன், அதனாலேயே வாய்ப்பு இல்லாத நடிகன். நண்பனின் நாடகத்தை மேடையேற்ற 8,000 டாலர் வேண்டும். அதற்காகப் பெண் வேடம் போட்டு ஒரு டிவி தொடரில் வேலை வாங்குகிறான். அந்தத் தொடரில் கூட நடிக்கும் ஜூலியை அவன் சந்திப்பதே அதற்குப் பிறகுதான். அவள்மேல் காதல் வந்ததும் அந்த வேடமே அவன் கழுத்தைப் பிடிக்கிறது. உண்மையைச் சொன்னால் வேலையும் போகும், அவளும் போவாள். பொய் சொன்னவன் பொய்யிலேயே சிக்கித் தவிப்பதால்தான் நாம் சிரிக்கிறோம், அவனுக்காகக் கொஞ்சம் பதறவும் செய்கிறோம்.

‘ரெமோ’ இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. எஸ்.கே. முதலில் காவ்யாவை (கீர்த்தி சுரேஷ்) பார்க்கிறான், காதலிக்கிறான், அவளுக்கு நிச்சயமாகிவிட்டது என்றும் தெரிந்துகொள்கிறான். வேடம் அதன் பிறகுதான் அவள் பக்கம் போகிறது. இயக்குநர் கே.எஸ்.ரவிகுமார் படத்தில் நடிக்க வாய்ப்புக் கேட்கப் போட்ட நர்ஸ் வேடத்தை நிஜப் பெண் என்று காவ்யா நம்பிவிடுவது வரை எல்லாம் தற்செயல். அதுவரை நாயகன்மேல் நமக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் அவள் வேலை பார்க்கும் மருத்துவமனைக்குள்ளேயே ரெஜினா மோத்வானி, சுருக்கமாக ‘ரெமோ’, என்ற நர்ஸாக நுழைவது அவனாக எடுக்கும் முடிவு. அந்த நொடியிலிருந்து அவன் செய்யும் ஒவ்வொரு உதவியும் கணக்குப் போட்டுச் செய்வதாகவே தெரிகிறது. தோழி என்று நம்பி ஒரு பெண் மனம்விட்டுப் பேசுகிறாள். அவள் சொன்னதை வைத்து, வேடத்தைக் கலைத்துவிட்டு வந்து அவளைக் கவர்கிறான். காவ்யா எஸ்.கே. பக்கம் சாயும் காட்சிகள் எதிலும் என்னால் மகிழ்ச்சி அடைய முடியவில்லை. தனக்குத் தெரிந்திருக்க வேண்டியது தெரியாமல் ஒருத்தி முடிவெடுக்கிறாள். அது எப்படிக் காதல் ஆகும்?

இதைவிட வருத்தமானது யோகி பாபு பகுதி. அவர் நர்ஸ் ரெமோவின் பின்னால் சுற்றுகிறார். அந்தத் தொல்லையில் நாயகன் நெளிகிறான், தியேட்டர் சிரிக்கிறது. விருப்பமில்லாதவர் பின்னால் ஒருவன் சுற்றினால் எப்படி இருக்கும் என்பதை நாயகனே தன் உடம்பில் அனுபவிக்க இதைவிட நல்ல வாய்ப்பு எழுத்தாளருக்குக் கிடைக்காது. ‘இதைத்தானே நானும் அவளுக்குச் செய்கிறேன்’ என்று அவன் ஒரே ஒரு காட்சியில் உணர்ந்திருந்தால் படத்தின் திசையே மாறியிருக்கும். அந்த ஒரு காட்சி எழுதப்படவே இல்லை.

அந்த வருடம் ஜூனில்தான் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் காலை நேரத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். பெண்களைப் பின்தொடர்வதை நம் சினிமா எப்படிக் காட்டுகிறது என்ற கேள்வி ஊரெல்லாம் எழுந்த நேரம் அது. விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது 2013-லேயே அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவின்கீழ்க் குற்றமாகச் சேர்ந்துவிட்டது. முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. படம் அக்டோபரில் வந்தது. படப்பிடிப்பைத் திரும்ப நடத்தியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கேள்வி படத்தின் கதவைத் தட்டியது உண்மை.

‘அவ்வை சண்முகி’யிலும் ஏமாற்று வேலைதானே என்று கேட்பார்கள். அதில் பாண்டியனுக்கு வேண்டியது மகள். பெற்ற பிள்ளையிடமிருந்து பிரிக்கப்பட்ட அப்பா என்ற ஒரு காரணத்துக்காகவே நாம் அவன் பக்கம் நிற்கிறோம். அதோடு ஜெமினி கணேசனும் மணிவண்ணனும் மாமியைக் காதலிக்க ஆரம்பித்ததும் வேடத்தின் அவஸ்தை முழுக்க வேடம் போட்டவன் தலையிலேயே விழுகிறது.

‘ரெமோ’வைச் சரிசெய்யப் பெரிய அறுவைச் சிகிச்சை தேவையில்லை. வாய்ப்பு கிடைக்கும் என்பதற்காக, நர்ஸ் வேடத்தில் ஒரு மருத்துவமனையில் பழகிப் பார்க்க எஸ்.கே. முதலில் போகட்டும். காவ்யாவை அங்கே நர்ஸாகவே சந்திக்கட்டும். அவளுக்கு நிச்சயமானது முதல் நாளே தெரியட்டும், காதல் மெதுவாக வந்து அவனை வதைக்கட்டும். உண்மை இடைவேளையிலேயே உடையட்டும். இதுதான் முக்கியம். இப்போதுள்ள படத்தில் அவள் மனம் மாறிய பிறகு, கடைசியில்தான் எல்லாம் வெளியே வருகிறது. கோபப்படவும், யோசிக்கவும், மன்னிக்கலாமா என்று முடிவெடுக்கவும் அவளுக்குச் சில நிமிடங்கள்தான் மிஞ்சுகின்றன. ‘டூட்ஸி’யில் உண்மை தெரிந்ததும் ஜூலி அவன் வயிற்றில் ஒரு குத்து விடுகிறாள். அதன்பின் அவன் அவளுடைய அப்பாவைத் தேடிப்போய், பெண் என்று நம்பி அவர் தனக்குக் கொடுத்த மோதிரத்தைத் திருப்பித் தருகிறான். கடைசிக் காட்சியில்கூடக் கல்யாணம் கிடையாது, இருவரும் பேசிக்கொண்டே நடந்து போகிறார்கள், அவ்வளவுதான். இடைவேளையில் உண்மை உடைந்திருந்தால் கீர்த்தி சுரேஷுக்கும் இரண்டாம் பாதி முழுக்க நடிக்க ஏதாவது இருந்திருக்கும்.