தள்ளினவளுக்குத்தான் தெரியும்

(பரமசிவம் திண்ணையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். எதிரில் மீனாட்சி முருங்கைக்கீரை ஆய்கிறார்.)

மீனாட்சி: என்னங்க, காலையிலிருந்து எழுதுகிறீர்கள். உயிலா?

பரமசிவம்: பேரன் கேட்டான். தாத்தா வைத்திருந்த வண்டிகளில் பிடித்ததை வரிசையாக எழுதிக் கொடுங்கள் என்றான். முதலிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

மீனாட்சி: 1975-இல் என் இரட்டை வடச் சங்கிலியை விற்று வாங்கினீர்களே, அதுவா?

பரமசிவம்: நம்ம மெட்ராஸில் செய்த வண்டி! பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து முதலை வாய் மாதிரி திறக்கும். டயர் மேல் உட்கார்ந்தே இன்ஜின் வேலை பார்க்கலாம். 25 அடி விட்டத்துக்குள் ஒரே ஒடிப்பில் திரும்பும்.

மீனாட்சி: நீங்கள் முன்பக்கம் பார்த்தீர்கள். எனக்கு எந்த வண்டிக்கும் பின்பக்கம்தான் தெரியும். என் வரிசையில் அதற்கு இரண்டாம் இடம்.

பரமசிவம்: உனக்கு ஏது வரிசை?

மீனாட்சி: தள்ளின வரிசை.

பரமசிவம்: அது அந்தக் காலத்து டைனமோ. வண்டி மெதுவாகப் போனால் பேட்டரிக்குச் சரியாகச் சார்ஜ் ஏறாது.

மீனாட்சி: டைனமோ என்ன செய்யும்? கண்மாய்க் கரையில் இன்ஜினை அணைத்துவிட்டு ராத்திரி பத்து மணி வரை இலங்கை வானொலி கேட்டது யார்?

பரமசிவம்: (அவசரமாக) அடுத்து பத்மினி. 1089 சிசி. ஸ்டியரிங்கிலேயே கியர். முன்சீட்டு ஒரே பெஞ்சு, மூன்று பேர் உட்காரலாம்.

மீனாட்சி: உட்கார மூன்று பேர், இறங்கித் தள்ள நான் ஒருத்தி. உங்கள் அக்கா இறங்க மாட்டார்கள். பட்டுப்புடவை.

பரமசிவம்: அக்காவை ஏன் இழுக்கிறாய்?

மீனாட்சி: இழுக்கவில்லை, அவர்களையும் சேர்த்துத் தள்ளினேன். அதனால்தான் பத்மினிக்கு மூன்றாம் இடம். அம்பாசடர் கடைசி. ஆயிரம் கிலோவுக்கு மேல் இருக்குமே அது?

பரமசிவம்: ராஜா வண்டி! 2014-இல் உத்தர்பாரா ஆலையில் தயாரிப்பை நிறுத்தினார்களே, அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மீனாட்சி: அவர்கள் நிறுத்திவிட்டார்கள். என் இடுப்பு வலி நிற்கவில்லை.

பரமசிவம்: அதில் நீ செய்ததை மறந்துவிட்டாயா? டேஷ்போர்டில் இருந்த, இழுத்தால் இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டும் சோக் குமிழில் கைப்பையை மாட்டி வைத்தாய். பாரத்தில் சோக் வெளியே வந்து, பழனி போகிறவரை கறுப்புப் புகை. பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தது.

மீனாட்சி: கொக்கி மாதிரி இருந்தது, மாட்டினேன். சரி, உங்கள் வேலை என்னவென்று சொல்லவா? சாவியைத் திருகி, இரண்டாவது கியரில் கிளட்சை மிதித்துக்கொண்டு “ம்” என்பீர்கள். நான் தள்ளுவேன். வேகம் பிடித்ததும் கிளட்சை விடுவீர்கள். வண்டி ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு ஓடிவிடும். என் ஹவாய் செருப்பு கழன்று நடுரோட்டில் கிடக்கும். நிறுத்தினால் அணைந்துவிடுமென்று தெருமுனை வரை போய் ஆரன் அடிப்பீர்கள்.

பரமசிவம்: ஆரன் அடித்தது, வா என்று கூப்பிட.

மீனாட்சி: இருக்கிற பேட்டரியையும் தீர்க்க! மாருதி 800 ஒன்றுதான் பூப்போல. மூன்று சிலிண்டர், ஒரு கையாலே தள்ளிவிடலாம். அதற்கு முதலிடம்.

பரமசிவம்: அப்போ பையன் வாங்கிக் கொடுத்த ஆட்டோமேட்டிக்?

மீனாட்சி: அதற்குப் பூஜை போட வேண்டும். தள்ளி ஸ்டார்ட் செய்யவே முடியாதாமே?

பரமசிவம்: முடியாது. இன்ஜின் ஓடினால்தான் கியர் பெட்டிக்குள் ஆயில் அழுத்தம் வரும். அது இல்லாவிட்டால் சக்கரம் சுற்றினாலும் இன்ஜின் சுற்றாது. அதெல்லாம் ஒரு வண்டியா? (நோட்டை மூடுகிறார்) மீனாட்சி, காரைக்குடியில் ஒருவர் அம்பாசடர் கொடுக்கிறாராம். கறுப்பு. அதிகம் வெளியே எடுக்காத வண்டி.

மீனாட்சி: எத்தனை வருஷமாக எடுக்கவில்லை?

பரமசிவம்: பதினொன்று.

மீனாட்சி: பேட்டரி?

பரமசிவம்: வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

மீனாட்சி: அதுவரைக்கும் ஷெட்டிலிருந்து எப்படி வெளியே வரும்?

(பரமசிவம் ஒரு கீரைக் கொத்தை எடுத்து ஆயத் தொடங்குகிறார்.)

மீனாட்சி: போகிற வழியில் செருப்புக் கடையில் நிறுத்துங்கள். பின்னால் வார் வைத்ததாக வேண்டும்.