கம்பம் பிடுங்கிய மறுநாள்

கோபிப் பக்கம் எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டுவிட்டால், அதைப் பிடுங்கி ஆற்றில் விடும் வரை ராத்திரித் தூக்கம் கிடையாது. தப்பட்டை அடி விழ விழக் கம்பத்தைச் சுற்றி ஆட்டம். சேலை கட்டி, சவுரி வைத்து, பெண் வேஷத்தில் ஆண்கள் ஆடுவார்கள். அதில் ஒருவர் வந்தாலே கூட்டம் விலகி இடம் விடும். சேலையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். கம்பம் பிடுங்கிய மறுநாள், கண்மை அழியாத முகத்தோடு அவர் டீக்கடைக்கு வந்தால், நோட்டுக் குத்திய அதே ஆட்கள் "ஒம்போது" என்று கத்துவார்கள்.

அமெரிக்கத் திருநங்கைப் பாடகர் ஜேன் கவுன்ட்டியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டீக்கடைதான் ஞாபகம் வருகிறது. 1947-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில், டல்லஸ் என்ற சிற்றூரில் ஆணாகப் பிறப்புப் பதிவானவர். 1968-ல் நியூயார்க் போனார். மறு வருடம், தன்பாலின விருப்பினர் கூடும் மதுக்கூடத்தில் போலீஸ் புகுந்ததை எதிர்த்து எழுந்த ஸ்டோன்வால் கலவரத்தில் தெருவில் நின்றார். நாடகம், பிறகு பங்க் இசை. அந்தக் காலத்தில் உதட்டுச்சாயம் பூசிப் பாடிய ஆண்கள் பலர் பெரும்புகழ் பெற்றார்கள். மேடையை விட்டு இறங்கியதும் சாயத்தைக் கழுவிக்கொண்டார்கள். ஜேன் கழுவவில்லை. 1974-ல் அவருக்குப் பெரிய மேடை போட்டுக் கொடுத்துப் படமும் பிடித்த நிறுவனம், அவருடைய இசைத்தட்டை வெளியிடவே இல்லை.

1976-ல் நியூயார்க் இசை விடுதி ஒன்றில் அவர் பாடிக்கொண்டிருந்தபோது, வேறொரு குழுவின் பாடகர் அவரைக் கேவலமாகக் கேலி பேசினார். ஜேன் மைக் தாங்கியால் அடித்துவிட்டார். அந்தப் பாடகருக்குக் காறை எலும்பு முறிந்தது. ஒருவருக்கு எலும்பு முறிந்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் எத்தனை வருடம், எத்தனை தெருவில் அந்தச் சொற்களை ஜேன் கேட்டிருப்பார்? அதற்கெல்லாம் வழக்கு இல்லை. இதற்கு மட்டும் ஜேன் மேல் வழக்கு.

அடுத்த வருடம் லண்டனில் எலக்ட்ரிக் சேர்ஸ் குழுவோடு பாடினார். 1979-ல் வேய்ன் என்ற பெயரை விட்டு, ஜேன் ஆனார். வெளிப்படையாகத் தன்னைத் திருநங்கை என்று சொன்ன முதல் ராக் பாடகர் என்று அவரைச் சொல்கிறார்கள்.

"இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம், நமக்கு எதுக்குங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. கோவை சிங்காநல்லூரில், திருநங்கையர் கும்பிடும் கூத்தாண்டவருக்குக் கோயில் வைத்துக் கும்பிடுகிற ஊருங்க நம்முடையது. ஆட்டத்தைக் கொண்டாடிவிட்டு ஆடியவரைத் துரத்துவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

டீக்கடையில் எங்கள் ஊர் ஆட்டக்காரரைக் கேலி செய்த அன்று, என் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், மட்டும் வாசலில் நின்று, "வா அம்முணி, மோர் குடிச்சுட்டுப் போ" என்று கூப்பிட்டார். பெண்பிள்ளையைக் கூப்பிடுகிற அந்தச் சொல்லால் வேறு யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அப்புறம் அவர் திருப்பூருக்குப் போய்விட்டார். 2008-ல் திருநங்கையர் நல வாரியம் வந்த பிறகு அடையாள அட்டை வாங்கியதாகச் சொன்னார்கள்.

போன நோம்பிக்கு வந்திருந்தார். கம்பத்துப் பக்கம் போகவில்லை. சொந்தச் சேலையில், கையில் மாவிளக்கோடு, பெண்கள் வரிசையில் வந்து நின்றார். முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் நகர்ந்து இடம் விட்டார்.