வயிற்றுக்கு ஒரு வளைவு

(வட சென்னையில் ஒரு சந்து. கேரம் போர்டு செய்யும் பட்டறை. பாய் ஒரு சட்டத்தை இழைத்துக்கொண்டிருக்கிறார். வாசலில் வந்து நிற்கும் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஒரு போர்டு, பழைய வேட்டியால் கட்டப்பட்டிருக்கிறது. ஓட்டி வந்தவர் ஓர் அரசு அலுவலகக் கண்காணிப்பாளர். கையில் நோட்டு. அதில் மார்ஜின் போட்டிருப்பதைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.)

சார்: பாய், நான் ரிப்பேருக்கு வரவில்லை. திட்டத்தோடு வந்திருக்கிறேன்.

பாய்: திட்டத்தோடு வருகிறவர்களிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டுதான் பேசுவேன். பரவாயில்லை, சொல்லுங்க.

சார்: கேரம் வந்த நாளிலிருந்து அதே சதுரம், அதே நாலு குழி. டிவியைப் பாருங்க, எவ்வளவு ஒல்லியாகிவிட்டது!

பாய்: எல்லாரும் அப்படி ஆகிவிட முடியுமா சார்?

(பாயின் பார்வை சாரின் பெல்ட்டில் ஒரு கணம் நிற்கிறது. சார் நோட்டை இறக்கி மறைக்கிறார்.)

சார்: பாயிண்ட் நம்பர் ஒன்று. குழி சின்னது.

பாய்: 4.45 சென்டிமீட்டர் விட்டம். விதிப்படி அவ்வளவுதான்.

சார்: ஆறாக்கிவிடுங்க.

பாய்: காய் அதிகபட்சம் 3.18. அது இப்போதே தாராளமாகப் போகும். ஸ்ட்ரைக்கர் 4.13 வரை இருக்கலாம். அதற்கும் குழிக்கும் சுமார் மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம். குழியை ஆறாக்கினால் காய்க்கு முன்னால் ஸ்ட்ரைக்கர் உள்ளே போய்விடும். ஷாட்டுக்கு ஒரு ஃபைன் கட்டுவீங்க.

சார்: இப்போதே அப்படித்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பாய்: மரியா இருதயம் நம்ம சென்னைக்காரர். 1991, 1995 இரண்டு தடவை உலக சாம்பியன், 1996இல் அர்ஜுனா விருது. அவரும் இந்தக் குழியில்தான் போட்டார். நீங்க யாரோடு ஆடுறீங்க?

சார்: அது எதற்கு இப்போது? டிசைனைப் பேசுவோம். பாயிண்ட் இரண்டு. பவுடர். ஆட்டம் முடிந்து எழுந்தால் என் பேண்ட்டைப் பார்த்து, மாவு மில்லில் வேலையா என்று கேட்கிறார்கள். வெளிநாட்டில் ஏர் ஹாக்கி என்று ஒன்று இருக்கிறது. மேஜை முழுக்கப் பொடிப் பொடி ஓட்டை, அடியில் காற்று. தட்டு மிதந்துகொண்டே போகும். நம் போர்டிலும் ஓட்டை போட்டு, அடியில் ஒரு ஃபேன் வைத்தால்?

பாய்: அந்த ஆட்டத்தில் தட்டு ஓடிக்கொண்டே இருந்தால்தான் மஜா. இங்கே காய் நிற்கவேண்டும். ஒரு காயைப் போட்டுவிட்டு, அடுத்த காய்க்கு வசதியாக மீதியை எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தானே ஆட்டம்? பவுடர் உரசலைக் குறைக்கும், ஒழித்துவிடாது. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு பலத்தோடு விட்டால் மூன்றரை நடையாவது எதிர்ச்சட்டத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் போய்வர வேண்டும். அப்படி ஓடினால் நல்ல போர்டு. காய் ஒவ்வொன்றும் ஐந்து கிராம் சொச்சம்தான் சார். ஃபேனைப் போட்டால் சிவப்புக் காயை மூன்றாவது மாடியில் தேடவேண்டும், அதற்குப் பின்னாலேயே போடவேண்டிய ஃபாலோ காயைத் தெருவில் தேடவேண்டும்.

(சார் பாயிண்ட் இரண்டை அடிக்கவில்லை. பக்கத்தில் ‘பரிசீலனையில்’ என்று எழுதுகிறார்.)

சார்: மூன்றாவதுதான் முக்கியம். என் ஷாட் எல்லாம் குழிக்கு நேராகக் கிளம்புகிறது, பாதியில் மனம் மாறி நடுவுக்கே வந்துவிடுகிறது. அதனால் நடுவைக் கொஞ்சம் மேடாக்கினால் எல்லாக் காயும் தானாகவே ஓரத்துக்குப் போகும்.

பாய்: போர்டை இறக்குங்க.

(வேட்டி அவிழ்கிறது. பாய் போர்டை மேஜையில் கிடத்தி, நீள இரும்பு ஸ்கேலைக் குறுக்கே நிறுத்திக் குனிந்து பார்க்கிறார். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறது. சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து அந்த இடுக்கில் விடுகிறார். அது தடையில்லாமல் அந்தப் பக்கம் வந்து விழுகிறது.)

பாய்: தாம்பாளம் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறீங்களே! தண்ணீர் ஊற்றினீங்களா?

சார்: சேச்சே.

(பாய் நகத்தால் நடுவட்டத்தின் ஓரத்தைச் சுரண்டுகிறார். வெள்ளையாக, மெல்லிய தோல் போல ஒன்று உரிந்து வருகிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்.)

பாய்: ஜவ்வரிசி.

சார்: ...மாமியார் போன மே மாதம் வந்திருந்தார்.

பாய்: இதில் வடாம் பிழிந்தாரா?

சார்: பிழியவில்லை. ஊற்றினார். மொட்டை மாடியில் வெயில் நன்றாக இருந்தது. ‘நாலு பக்கமும் கட்டை இருக்கிறது, காக்கா தள்ளாது’ என்றார். அதுவும் ஒரு டிசைன் சிந்தனைதானே?

பாய்: சார், இது ப்ளைவுட். மேல் பக்கம் ஈரம் குடித்து ஊதி, பிறகு வெயிலில் சுருங்கும். கீழ்ப்பக்கம் சும்மா இருக்கும். ஒரு பக்கம் சுருங்கி இன்னொரு பக்கம் சுருங்காவிட்டால் பலகை வளையாமல் என்ன செய்யும்? எட்டு மில்லிமீட்டருக்குக் குறைந்த ப்ளைவுட் போட்டிக்கு ஆகாது என்று விதி வைத்தவர்கள் வடாமை நினைத்துப் பார்க்கவில்லை.

சார்: அப்படியானால் இந்தப் பிரச்சினைக்கு உலகத்தில் தீர்வே இல்லையா?

பாய்: இருக்கிறது. அமெரிக்காவில் ஷஃபிள்போர்டு என்று ஒரு மேஜை ஆட்டம். பெரிய மேஜை 22 அடி நீளம் இருக்கும். கனமான தட்டைக் கையால் தள்ளி, எதிர் முனையில் விழாமல் நிறுத்தவேண்டும். இத்தனை நீள மரம் மழைக்கு ஒரு விதமாக, வெயிலுக்கு ஒரு விதமாக வளையும். அதனால் பலகைக்கு அடியில் குறுக்கே இரும்புக் கம்பி கொடுத்துத் திருகு வைத்திருப்பார்கள். பருவம் மாறினால் திருகி, பலகையை இழுத்து வழிக்குக் கொண்டுவருவார்கள். அவர்களுக்கு நடு ஒரு நூல் பள்ளமாக இருக்கலாம், தட்டு பக்கவாட்டில் விழாமல் இருக்க அது உதவும். நமக்கு முழுக்க மட்டமாக இருக்கவேண்டும். உங்க போர்டுக்கும் அடிச்சட்டத்தை மாற்றி, நடுவில் ஒரு திருகு வைத்துத் தரலாம்.

சார்: (எழுதியபடி) பாயிண்ட் நாலு. திருகு. யோசனை... அடியேன்.

பாய்: பாயிண்ட் ஐந்து என்ன?

சார்: (குரலைத் தாழ்த்தி) இது கொஞ்சம் சொந்த விஷயம். எதிர்மூலையில் காய் இருந்தால் எனக்கு எட்டவில்லை. குனிந்தால் சட்டம் வயிற்றில் இடிக்கிறது. எழுந்தால் ஃபவுல். சாய்ந்து அடித்தால், கை அம்புக்கோட்டைத் தாண்டிவிட்டது என்று என் மகள் கத்துகிறாள். அதனால் என் பக்கச் சட்டத்தில் மட்டும், வயிற்றுக்கு ஒரு அரைவட்ட வளைவு...

பாய்: மகளா? அவள்தான் எதிராளியா?

சார்: எட்டாவது படிக்கிறாள்.

பாய்: வளைவு வெட்டினால், டபுள் அடித்து, அதாவது சட்டத்தில் மோதித் திரும்பி வருகிற காய் எல்லாம் அந்த வளைவில் பட்டு எங்கே போகும் என்று அல்லாவுக்குத்தான் தெரியும். அவள் அதையும் பழகிக்கொள்வாள். நீங்க ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்க. சரி, உங்க ஸ்ட்ரைக்கரைக் காட்டுங்க.

(சார் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். பாய் சின்ன டிஜிட்டல் தராசில் வைக்கிறார்.)

பாய்: 19 கிராம். விதி 15 வரைதான்.

சார்: அதனால்தான் தோற்கிறேனா?

பாய்: கனமான ஸ்ட்ரைக்கர் அடிக்கிறவருக்குச் சாதகம் சார். காயை நன்றாகத் தள்ளும். இதை வைத்துக்கொண்டும் தோற்கிறீங்க. எங்கே வாங்கினீங்க?

சார்: அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். ‘இருக்கட்டும்ப்பா, நீங்க இதில் ஆடுங்க’ என்றாள். பாசம் என்று நினைத்தேன்.

(பாய் இருமுகிறார். அது இருமல்தான் என்று நம்புவோம்.)

பாய்: சரி, திருகு, அடிச்சட்டம், மேல் பாலிஷ். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கோங்க.

சார்: அவ்வளவு சீக்கிரமா? அவசரமில்லை பாய். அவளுக்குப் பரீட்சை முடிந்த பிறகு கொடுங்க.

பாய்: முடிந்துவிட்டால் லீவு. காலையிலிருந்து ராத்திரி வரை ஆடக் கூப்பிடுவாளே?

சார்: (நோட்டைப் புரட்டிக் கணக்குப் போட்டுவிட்டு) அப்படியென்றால் பரீட்சைக்கு முதல் நாள் கொடுங்க. கணக்குப் பரீட்சைக்கு.