மெசினுக்கு அழுத அம்மா

போன மாசி மாதம் எனக்கு வேலை போனது. 11 வருடம் இருந்த இடம். கிளிநொச்சிக் கிளையை மூடுகிறோம் என்று ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கூப்பிட்டுச் சொன்னார்கள். திங்கட்கிழமை காலை வழக்கம்போல முழுகி, சேட்டும் போட்டுக்கொண்டு விறாந்தையில் வந்து இருந்தேன். போக இடமில்லை.

யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்: "2009 ஐயே தாண்டி வந்தனாங்கள், இதெல்லாம் ஒரு விசயமே?"

சொன்ன எல்லாரும் என்னில் அக்கறை உள்ளவர்கள்தான். ஆனால் அந்தக் கதையைக் கேட்டவுடனே எனக்கு வாய் அடைத்துப்போகும். போர் முடிந்த முள்ளிவாய்க்காலைக் கண்ட ஒருவன் சம்பளம் நின்றதற்குக் கவலைப்படலாமா? வெட்கமாகக்கூட இருந்தது.

இப்போது நினைக்கிறேன், அந்தப் பதிலில்தான் பிழை இருக்கிறது. வன்னியில் நாங்கள் எல்லா இழப்பையும் அந்த ஒரே தராசில்தான் போடுகிறோம். போட்டால் எதுதான் பாரம் காட்டும்? 2018 இல் வறட்சியில் வயல் வெடித்தது. அதே வருடம் மார்கழியில் இரணைமடுக் குளம் நிரம்பி, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. 2021 இல் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். பிறகு கார்த்திகையில் தடையை எடுத்தபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் "எங்களுக்கு இது புதுசே" என்று சிரித்தோம். சிரித்தவர்களின் வீட்டுக்குள் நகை அடைவுக்குப் போனதையும், நுண்கடன் வாரக்கட்டுக்குப் பயந்து பெண்கள் பின்கதவால் போனதையும் நான் கண்டிருக்கிறேன்.

செயலமர்வுக்காரரும் இதைத்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். வெள்ளைத் தாளில் "மீண்டெழும் ஆற்றல்" என்று பெரிதாக எழுதி, கைதட்டச் சொல்லி, றோல்ஸும் தேத்தண்ணியும் தந்து அனுப்புவார்கள். றோல்ஸ் நல்லாயிருக்கும், குறை சொல்லக்கூடாது.

சரி, அம்மாவின் கதைக்கு வருகிறேன்.

அம்மாவிடம் ஒரு பழைய சிங்கர் தையல் மெசின் இருந்தது. அப்பா இல்லாத வீட்டில் எங்கள் மூன்று பேரையும் படிப்பித்தது அதுதான். தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்க முன்னர் வெள்ளைச் சட்டைத் துணி குவிந்து கிடக்கும். இரவிரவாக மிதிக்கிற சத்தத்தில்தான் நாங்கள் நித்திரை கொள்வோம். போரின் கடைசி இடப்பெயர்வில் மெசினின் காலைத் தருமபுரத்திலேயே விட்டுவிட்டு, தலையை மட்டும் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினோம். விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை என்று அது எங்களுடனேயே வந்தது. மாத்தளனில் இனிக் கொண்டுபோக ஏலாது என்ற நாளில், அம்மா அதை எண்ணெய் பூசி, பொலித்தீனில் சுற்றி, பங்கருக்குப் பக்கத்தில் தாட்டார்.

இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் அம்மா அதை நினைத்து அழுதார். மற்ற எதற்கும் அழாமல், அதற்கு அழுதார். பக்கத்துக் கூடாரத்து ஆச்சி ஏசினா: "உயிர் தப்பினதே பெரிசு, நீ இரும்புக்கு அழுறியே?" சனம் பிள்ளைகளைப் பறிகொடுத்து நின்ற இடம் அது. ஆச்சி சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்றோடு அம்மா அந்தக் கதையை எடுக்கவில்லை. சில வருடம் கழித்து மாத்தளன் பக்கம் போக விட்டபோது, ஒரு மண்வெட்டியோடு போய் மூன்று இடத்தில் கிண்டிப் பார்த்தோம். எல்லாம் மணல். எந்தப் பங்கர் எங்களுடையது என்றே தெரியவில்லை.

வேலை போய் இரண்டு கிழமைக்குப் பிறகு, சாப்பிடாமல் எழும்பப் போன என்னை அம்மா இருக்கச் சொன்னார்.

"தம்பி, நான் மெசினுக்கு அழுதனான் தானே. நீ உன்ர வேலைக்கு அழன்."

"அது வேற, இது வேற அம்மா."

"ஓம், வேறதான். அதுக்கு?"

அவ்வளவுதான். அதற்கு மேல் அம்மா எதுவும் பேசவில்லை. எல்லாம் நல்லதுக்குத்தான், ஒரு கதவு மூடினால் மற்றது திறக்கும் என்கிற கதைகள் அவருக்கு வராது. எனக்கும் அவை வேண்டியிருக்கவில்லை. வேலை போனதில் ஒரு அர்த்தமும் இல்லை. கணக்குப் பார்த்தார்கள், மூடினார்கள். நான் பழகிய மேசையும், மத்தியானச் சாப்பாட்டைப் பங்குபோட்ட ஆட்களும் போய்விட்டார்கள். அதை இழப்பு என்று சொல்ல ஒருவர் விட்ட பிறகுதான், அடுத்தது என்ன என்று யோசிக்க முடிந்தது.

அடுத்தது வயல். இரணைமடுவின் கீழ் அம்மாவின் சீதனக் காணி இருக்கிறது; இவ்வளவு நாளும் குத்தகைக்கு விட்டிருந்தோம். சித்திரையில் சிறுபோகக் கூட்டத்துக்கு முதல்தடவையாகப் போனேன். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், கடைசித் தண்ணீர் என்றைக்கு என்று கமக்காரர்களும் அதிகாரிகளும் சண்டைபிடித்து முடிவெடுக்கிறார்கள். போன வருடம் குளம் வான் பாய்ந்ததா, வற்றிக் கிடந்ததா என்பது அங்கே எடுபடாது. இந்த வருடத் தண்ணீருக்குத்தான் இந்த வருட விதைப்பு. எனக்குக் கிடைத்த பங்கு சின்னது. முதல் மருந்தடிப்பிலேயே அளவு பிழைத்து, பக்கத்து வயல் அண்ணையிடம் நல்ல ஏச்சும் வாங்கினேன்.

வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோக அம்மா ஒரு துணிப்பை தைத்துத் தந்தார். மீள்குடியேறிய பிறகு உதவியாகக் கிடைத்த சின்ன மெசினில் தைத்தது. பிடியைத் தைக்கும்போது மூன்று தரம் நூல் அறுந்தது.

"பழைய மெசினெண்டால் இப்பிடி அறாது" என்றார், ஊசியில் நூலைக் கோத்தபடி.

ஓம் என்றேன்.